திரையில் துடிப்பது எரிமுகப்பா, மெஷ்ஷா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 15 மி.மீ. விட்டமும் அரைக்கோள முனையும் கொண்ட ஒரு எறிகணை, ஹைட்ரஜனும் காற்றும் முழுமையாக எரியும் விகிதத்தில் கலந்த வாயுவுக்குள் மாக் 4.79 வேகத்தில், அதாவது அந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தைப் போல் 4.79 மடங்கில், பாய்கிறது. அதை நீங்கள் சிமுலேஷன் செய்திருக்கிறீர்கள். முனைக்கு முன்னால் வில் போன்ற அதிர்ச்சி அலை, அதற்குப் பின்னால் எரிமுகப்பு. அந்த எரிமுகப்பு ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கிறது. 40 மைக்ரான் மெஷில் (கணக்குக்காக வாயு வெளியைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் வலை) ஒழுங்கில்லாமல் ஆடியது, 20 மைக்ரானில் 640 கிலோஹெர்ட்ஸ் வந்தது, 10 மைக்ரானில் 720 வந்தது. ‘இந்தத் துடிப்பு உண்மையா, என் சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள்) செய்யும் கோளாறா? மெஷ் மாறினால் விடையும் மாறுகிறதே, எதை நம்புவது?’ என்று கேட்கிறீர்கள். பலர் ‘ரெசிடியுவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) இறங்கவில்லை, ஸ்கீமை (கணக்கிடும் முறையை) மாற்றுங்கள்’ என்று பதில் போட்டிருக்கிறார்கள். உங்கள் கேள்வி கன்வர்ஜன்ஸ், அதாவது கணக்கு ஒரு விடையில் படிவது, பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. திரையில் தெரியும் ஒரு ஆட்டம் இயற்கையுடையதா, கணக்குடையதா என்று பிரித்தறிய என்ன வழி என்பதுதான் கேள்வி. அதிவேக எரிதல் கணக்குகளோடு பல வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. மாக் 4.79-இல் எரிமுகப்பு துடிக்கத்தான் வேண்டும். துடிக்காமல் அமைதியாக நின்றிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். நீங்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் பிரான்ஸின் சேன் லூயி நகரிலுள்ள பிரெஞ்சு–ஜெர்மன் ஆய்வு நிலையத்தில் லேர் என்ற ஆய்வாளர் செய்து 1972-இல் வெளியிட்ட சோதனை. வாயுவின் அழுத்தம் 320 டோர் (சுமார் 0.42 வளிமண்டலம்), வெப்பநிலை அறை வெப்பநிலை. எறிகணையின் வேகத்தை மட்டும் மாற்றி மாற்றிச் சுட்டு, நிழற்படம் (வாயுவின் அடர்த்தி மாற்றங்கள் நிழலாக விழும் ஷேடோகிராஃப்) எடுத்தார். விநாடிக்கு 1,804 மீட்டரில், அதாவது மாக் 4.48-இல், துடிப்பு 425 கிலோஹெர்ட்ஸ். 1,931 மீட்டரில், அதாவது உங்கள் மாக் 4.79-இல், 712 கிலோஹெர்ட்ஸ். மாக் 6.46-க்குப் போனதும் துடிப்பே இல்லை. எரிமுகப்பு முனைப்பகுதியில் அதிர்ச்சி அலையோடு ஒட்டிக்கொண்டு நிலையாக நிற்கிறது. இந்தக் கலவையில் டெட்டொனேஷன் (அதிர்ச்சி அலையும் எரிதலும் ஒன்றாகப் பாயும் வெடிப்பு) தானாக ஓடும் வேகம் விநாடிக்கு 2,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. துடிப்பு தெளிவாகத் தெரியும் வேகங்கள் அதற்குக் கீழேயும் அதை ஒட்டியும் இருக்கின்றன. அதைவிட மிக வேகமாகப் போனால் ஆட்டம் அடங்கிவிடுகிறது.

ஏன் துடிக்கிறது என்பதற்கான அடிப்படை விளக்கத்தை மெக்வேயும் டூங்கும் 1971-இலேயே கொடுத்துவிட்டார்கள். பின்னால் 1990-களில் மட்சுவோ, ஃபுஜிவாரா போன்றவர்கள் சிமுலேஷனில் அதை இன்னும் துல்லியமாகக் காட்டினார்கள். அதிர்ச்சி அலையைத் தாண்டிய வாயு உடனே எரிவதில்லை. ஹைட்ரஜன் அணு, ஆக்சிஜன் அணு, ஹைட்ராக்சில் ஆகிய மூன்றும் சங்கிலியாகப் பெருகி, ஒரு கட்டத்தில்தான் குபீரென்று வெப்பம் வெளிப்படும். அதுவரை ஆகும் நேரத்தைத் தீப்பற்றல் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். எங்காவது வாயு கொஞ்சம் முன்கூட்டியே பற்றிக்கொண்டால், அங்கிருந்து ஒரு அழுத்த அலை முன்னோக்கிப் போய் வில் அலையை இடிக்கிறது. இடி வாங்கிய வில் அலை சற்று வலுவாகிறது. அதைத் தாண்டி வரும் வாயு முன்பைவிடச் சூடாக இருப்பதால் அதன் தாமதம் குறைகிறது. அது முன்கூட்டியே பற்றுகிறது. மறுபடியும் அழுத்த அலை, மறுபடியும் இடி. நடுவில் பழைய வாயு தீர்ந்ததும் எரிமுகப்பு பின்வாங்கும். இந்தச் சுழற்சி தன்னைத் தானே ஓட்டிக்கொள்கிறது.

இப்போது இதைக் கையால் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கேள்விக்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாமே ஈரணு மூலக்கூறுகள் என்பதால், வெப்ப ஏற்பு விகிதத்தை (மாறா அழுத்தத்திலும் மாறாப் பருமனிலும் உள்ள வெப்ப ஏற்புகளின் விகிதம்) 1.4 என்று வைத்துக்கொண்டு நேர் அதிர்ச்சி அலையின் சூத்திரங்களைப் போட்டால் பெரிய தவறு வராது. மாக் 4.79-இல் அலைக்குப் பின் வெப்பநிலை சுமார் 1,580 கெல்வின், அழுத்தம் சுமார் 11 வளிமண்டலம், வாயுவின் வேகம் விநாடிக்கு 390 மீட்டர். மாக் 4.48-இல் வெப்பநிலை சுமார் 1,415 கெல்வின். (அதிர்வு ஆற்றலையும் சேர்த்தால் இரண்டுமே கொஞ்சம் குறையும்; ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.) சங்கிலியை நடத்துவது ஹைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு மோதி ஹைட்ராக்சிலும் ஆக்சிஜன் அணுவும் தரும் வினை. அதன் கிளர்வு வெப்பநிலை (சூடு கூடும்போது வினை எவ்வளவு வேகமெடுக்கும் என்பதன் அளவு) ஏறக்குறைய 8,000 கெல்வின். 1,415-இலிருந்து 1,580-க்குப் போகும்போது இந்த வினையின் வேகம் எத்தனை மடங்காகிறது என்று பாருங்கள்: ஏறத்தாழ 1.8 மடங்கு. லேர் அளந்த அதிர்வெண் 425-இலிருந்து 712-க்குப் போனது; அதாவது 1.68 மடங்கு. இவ்வளவு முரட்டுத்தனமான கணக்குக்கே இந்த நெருக்கம் கிடைக்கிறது. அதாவது துடிப்பின் கடிகாரம் ரசாயனத்தில் இருக்கிறது.

இன்னொரு படி மேலே போவோம். 712 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 1.4 மைக்ரோவிநாடி. ஒரு சுற்றில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். வாயு அதிர்ச்சி அலையிலிருந்து எரியுமிடம் வரை போகவேண்டும். அதற்குத் தாமத நேரம் முழுவதும் ஆகும். பிறகு அழுத்த அலை அங்கிருந்து எதிர்நீச்சல் போட்டு வில் அலைக்குத் திரும்ப வேண்டும். அலைக்குப் பின்னால் வாயுவின் மாக் எண் சுமார் 0.42 என்பதால், திரும்பும் பயணத்துக்குத் தாமத நேரத்தில் 0.7 பங்கு பிடிக்கும். ஆக ஒரு சுற்று என்பது தாமதத்தின் 1.7 மடங்கு, தாமதம் சுமார் 0.8 மைக்ரோவிநாடி. ஹைட்ரஜன்–காற்றுக் கலவைக்கு 1,580 கெல்வினிலும் 11 வளிமண்டலத்திலும் கான்டெரா போன்ற இலவச மென்பொருளில், மெஷ்ஷே இல்லாமல் ஒரு புள்ளிக் கணக்காக ஓட்டினால், இதே அளவில்தான் விடை வரும். முனையை நெருங்க நெருங்க வாயு மெதுவாகிச் சூடாவதை நான் விட்டுவிட்டேன். ஆகவே இருபது, முப்பது சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம்; அந்த எல்லைக்குள் பொருந்தினால் போதும்.

உங்கள் மெஷ் விவகாரத்துக்கு இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? 390 மீட்டர் வேகத்தில் 0.8 மைக்ரோவிநாடி போனால் 0.31 மி.மீ. அதிர்ச்சி அலைக்கும் எரிமுகப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இவ்வளவுதான். அதில் 40 மைக்ரான் மெஷ் போட்டால் எட்டு செல்கள்கூட (மெஷ்ஷின் கட்டங்கள்) வராது. அதிர்ச்சி அலையே இரண்டு மூன்று செல்களைத் தின்றுவிடும். எனவே முதல் மெஷில் வந்த ஒழுங்கற்ற ஆட்டத்தைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள். அதில் எடுத்து வைத்துக்கொள்ள எதுவுமில்லை. 20 மைக்ரானில் பதினைந்து செல். ஆட்டத்தின் குணம் சரியாக வரும், எண் சரியாக வர வாய்ப்பில்லை. 10 மைக்ரானில் முப்பது செல். இங்கிருந்துதான் எண்ணைப் பற்றிப் பேசலாம். 5 மைக்ரானில் ஒரு முறை ஓட்டாமல் எதையும் உறுதியாகச் சொல்லாதீர்கள். டைம் ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு முறையும் தாண்டும் நேரம்) ஒன்றிரண்டு நானோவிநாடிக்கு இறங்கும். ஆனால் அச்சுச் சமச்சீர்க் கணக்கு (அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி என்று கொண்ட இருபரிமாணக் கணக்கு) என்பதால் இன்றைய நல்ல மேசைக் கணினியில்கூட ஓட்டிவிடலாம். முப்பரிமாணத்தில் இதே நுணுக்கம் கேட்டால் கதை வேறு.

மெஷ் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு இன்னொரு நுட்பமான காரணம் உண்டு. தாமத மண்டலத்தில் அணுக்களும் ஹைட்ராக்சிலும் நேர்கோட்டில் பெருகுவதில்லை. பத்து, நூறு, ஆயிரம் என்று மடங்கு மடங்காகப் பெருகுகின்றன. பெரிய செல்லில் சராசரி எடுக்கும்போது, பின்னால் இருக்கும் பெரிய எண்ணிக்கையில் ஒரு துளி முன்னால் கசிந்தாலே போதும், அங்கே தாமதத்தில் பாதியை அது விழுங்கிவிடும். அதாவது கணக்கியல் பரவல் எரிமுகப்பை அதிர்ச்சி அலையை நோக்கி இழுக்கிறது. வில்சனும் சஸ்மனும் 1993-இல் இதே லேர் சோதனையைக் கணக்கிட்டபோது, பொருள்களின் அளவுக்குப் பதிலாக அதன் மடக்கையை வைத்துச் சமன்பாடுகளை எழுதினார்கள். மடக்கையில் பார்த்தால் மடங்கு வளர்ச்சி நேர்கோடாகிவிடும். குறைந்த செல்களிலேயே சமாளித்துவிடலாம். அழகான யோசனை. உங்கள் சால்வரில் அந்த வசதி இருக்காது, எனவே மெஷ்ஷைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் அந்த 640, 720 என்ற எண்கள். எறிகணை முனையில் அழுத்தத்தை 15 மைக்ரோவிநாடிக்குப் பதிவு செய்து ஃபூரியர் (பதிவிலுள்ள அதிர்வெண்களைப் பிரித்தெடுக்கும் கணக்கு) எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 15 மைக்ரோவிநாடிப் பதிவில் இரண்டு அதிர்வெண்களைப் பிரித்தறியும் திறன் அதன் தலைகீழ், அதாவது சுமார் 67 கிலோஹெர்ட்ஸ். உங்கள் இரண்டு மெஷ்களுக்கும் உள்ள வித்தியாசம் 80. கிட்டத்தட்ட ஒரே ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மெஷ் மாறியதால் விடை மாறியது என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. தொடக்கத்தில் வாயுவைத் திடீரென்று ஓடவிட்டதால் வரும் கொந்தளிப்பு அடங்க, எறிகணையின் நீளத்தைப் பாய்வு பல முறை கடக்க வேண்டும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு குறைந்தது 60, 70 மைக்ரோவிநாடி பதிவு செய்யுங்கள். அல்லது ஃபூரியரை விட்டுவிட்டு ஐம்பது சுற்றுகளின் உச்சிகளை எண்ணி, ஆன நேரத்தால் வகுத்துவிடுங்கள். எளிய வழிதான், ஆனால் இங்கே அதுதான் துல்லியம்.

சரி, துடிப்பு உண்மையில் உண்டு என்பதாலேயே உங்கள் திரையில் தெரிவது அந்தத் துடிப்புத்தான் என்று ஆகிவிடாது. சால்வரும் சொந்தமாக ஆட்டம் உண்டாக்கும். அது எப்படி வரும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதிர்ச்சி அலை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு மெல்ல நகரும்போது ஒவ்வொரு தாண்டலிலும் பின்னால் ஒரு சிறு இரைச்சலை விடும். இரைச்சல் சிறியதுதான், ஆனால் எரிதல் வெப்பநிலைக்கு மடங்குக் கணக்கில் பதில் சொல்வதால் அதைப் பெரிதாக்கிவிடும். அடுத்தது, ரோ போன்ற கூர்மையான ஸ்கீம்களில் வரும் கார்பங்கிள். பீரியும் இம்லேயும் 1988-இல் மழுங்கிய பொருள்களின் கணக்கில் கண்டு சொன்னது இது. அச்சின் மேல், மெஷ்ஷோடு இணையாக நிற்கும் வில் அலையில், காரணமில்லாமல் ஒரு புடைப்பு முளைக்கும். எரியாத வாயுவில் அது வெறும் அசிங்கம். எரியும் கலவையில் அந்தப் புடைப்புக்குப் பின்னால் பொய்யான தீ பற்றும், துடிப்பு போலவே தெரியும். மூன்றாவது, கோலெல்லா, மஜ்தா, ராய்ட்பர்ட் ஆகியோர் 1986-இல் காட்டியதும், லெவெக்கும் யீயும் 1990-இல் ஒரு சின்ன மாதிரிச் சமன்பாட்டில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியதும். ரசாயனம் டைம் ஸ்டெப்பைவிட வேகமாக இருந்தால், அதிர்ச்சி அலைக்குள் நிற்கும் இடைநிலை செல்லின் வெப்பநிலை, அங்கே உண்மையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெப்பநிலை, வாயுவைப் பற்றவைத்துவிடும். பிறகு எரிமுகப்பு ஒரு ஸ்டெப்புக்கு ஒரு செல் என்ற வேகத்தில் நகரத் தொடங்கும். பயப்பட வேண்டியது என்னவென்றால், அந்தத் தவறான விடை வழவழவென்று, சிறு சிலும்பல்கூட இல்லாமல் இருக்கும். பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் உண்மையான துடிப்பிலிருந்து பிரிக்கும் வழி, அந்தத் துடிப்பு யார் பேச்சைக் கேட்கிறது என்று பார்ப்பது. ரசாயனத்தை அணைத்துவிட்டு அதே மெஷில், அதே ஸ்கீமில் ஓட்டுங்கள். வில் அலை அசையாமல் நிற்க வேண்டும். முனையிலிருந்து அதன் தூரம், பில்லிக் கொடுத்த அனுபவச் சூத்திரப்படி, ஆரத்தின் 0.143 மடங்கை 3.24 வகுத்தல் மாக் எண்ணின் வர்க்கம் என்ற அடுக்குக்கான எக்ஸ்பொனென்ஷியலால் பெருக்க வருவது, உங்களுக்கு 1.2 மி.மீ.க்குச் சற்று மேலே. எரியாத வாயுவிலேயே அலை ஆடினால் அங்கேயே நிறுத்துங்கள். கோளாறு சால்வரில் இருக்கிறது. நின்றால், ரசாயனத்தைத் திரும்பப் போட்டு, எல்லா வினைகளின் வேகத்தையும் செயற்கையாக 20 சதவீதம் கூட்டிப் பாருங்கள். துடிப்பு உண்மையானதாக இருந்தால் அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். பிறகு வேகத்தைப் பழையபடி வைத்து, மெஷ்ஷைப் பாதியாக்குங்கள். அதிர்வெண் இரண்டு மடங்காக முயன்றால் அது செல் தாண்டும் இரைச்சல். கொஞ்சம் நகர்ந்து ஓரிடத்தில் படிந்தால் அது வாயுவின் துடிப்பு. டைம் ஸ்டெப்பையும் தனியாகப் பாதியாக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குறைத்தால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். லோக்கல் டைம் ஸ்டெப் போடும் சால்வரில் ஓட்டியிருந்தால் இந்தச் சோதனை எதுவும் செல்லாது. ஒவ்வொரு செல்லும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும்போது அதிர்வெண் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நேர்மையாகச் சொன்னால், எனக்குப் பிடித்த சோதனை அந்த 20 சதவீதச் சோதனைதான். மெஷ் சோதனை விடை மாறவில்லை என்று மட்டும் சொல்லும். இதுதான் விடை எதிலிருந்து வருகிறது என்று சொல்கிறது. ஆனாலும் அதைச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

‘மாக் 6.46 படத்தோடு என் விடை அச்சாகப் பொருந்துகிறது, ஆகவே சால்வர் சரி’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். அந்த வேகத்தில் அலைக்குப் பின் வெப்பநிலை 2,500 கெல்வினை ஒட்டிப் போய்விடும். தாமத மண்டலம் 0.05 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். உங்கள் 20 மைக்ரான் மெஷில் அது இரண்டு மூன்று செல். எரிமுகப்பு அலையோடு ஒட்டிக்கொள்வது ரசாயனம் சரியாக இருந்ததாலும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்கச் செல்கள் போதாததாலும் இருக்கலாம். இரண்டுக்கும் படம் ஒன்றுதான். அந்தப் படத்தில் உண்மையான சோதனை முனையில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. வில் அலை பின்னோக்கி வளையும்போது, வாயு அலைக்குச் செங்குத்தாக மோதும் வேகக் கூறு குறைகிறது. 45 பாகைச் சாய்வில் மாக் 6.46 என்பது செங்குத்தாக வெறும் 4.6. அங்கே தாமதம் நீளத் தொடங்கி, எரிமுகப்பு அலையை விட்டுப் பிரிகிறது. பிரியும் இடம் எது, பிரிந்தபின் எவ்வளவு விலகுகிறது என்பதை லேரின் படத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே பொருந்தினால் நம்பிக்கை வரும்.

படத்தோடு ஒப்பிடும்போது இன்னொன்று. நிழற்படம் அடர்த்தியைக் காட்டுவதில்லை. அடர்த்தியின் இரண்டாம் வகைக்கெழுவை, ஒளி கடந்த வழி முழுவதும் கூட்டிக் காட்டுகிறது. எனவே உங்கள் அடர்த்திக் கோடுகளை அதன் மேல் ஒட்டிப் பார்ப்பது கோட்டின் இடத்துக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் அதிலிருந்து ஒரு நல்ல அளவை எடுக்கலாம். எறிகணையின் பக்கவாட்டில் எரிமுகப்பு சுருக்கம் சுருக்கமாக, சீரான வரிகளாகத் தெரிகிறதல்லவா? ஒவ்வொரு வரியும் முனையில் நடந்த ஒரு துடிப்பின் மிச்சம். ஒரு சுற்று நேரத்தில் எறிகணை 1,931 மீட்டர் வேகத்தில் 2.7 மி.மீ. நகர்ந்திருக்கும். வாயுவும் கொஞ்சம் இழுபடுவதால் வரிகளின் இடைவெளி அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். எறிகணையின் விட்டம் 15 மி.மீ. என்பதால் அதையே அளவுகோலாக வைத்து உங்கள் சிமுலேஷன் படத்திலும் அளந்து பாருங்கள். ஃபூரியர் இல்லாமலே அதிர்வெண்ணைச் சரிபார்க்க இன்னொரு வழி கிடைத்துவிடும்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. முதலாவது ரசாயன மெக்கானிசம், அதாவது வினைகளும் அவற்றின் வேகங்களும் அடங்கிய பட்டியல். இந்த வகைக் கணக்குகளில் நீண்ட காலம் புழங்கியது நாசாவின் ஜாகிமோவ்ஸ்கி 1988-இல் தொகுத்தது. அதன் சுருக்க வடிவங்களும் உண்டு. அதன் பிறகு ஹைட்ரஜனுக்குப் பல புதிய மெக்கானிசங்கள் வந்துவிட்டன. 1,600 கெல்வினுக்கு மேலே எல்லாம் ஏறக்குறைய ஒரே தாமதத்தைத்தான் தரும். ஆனால் மாக் 4.2 பக்கம் இறங்கினால் வெப்பநிலை 1,250 கெல்வினை ஒட்டி வந்துவிடும். அழுத்தமோ எட்டு ஒன்பது வளிமண்டலம். இந்த இடத்தில் ஒரே மோதலுக்கு இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஹைட்ரஜன் அணு ஆக்சிஜனோடு மோதிச் சங்கிலியைக் கிளைக்கச் செய்யலாம். அல்லது மூன்றாவது மூலக்கூறு ஒன்றின் உதவியோடு ஹைட்ரோபெராக்சிலாக மாறிச் சங்கிலியை மந்தமாக்கலாம். இரண்டும் சமமாகும் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், வெப்பநிலையில் சில சதவீதப் பிழை தாமதத்தைப் பெரிதாகப் புரட்டிவிடும். அங்கே மெக்கானிசத்துக்கு மெக்கானிசம் விடை வேறுபடும். எனவே மாக் 4.79-க்குச் சரியாக வந்த அமைப்பு மாக் 4.2-க்கும் சரியாக வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, மூலக்கூறுகளின் அதிர்வு ஆற்றல். உங்கள் சால்வர், பெரும்பாலான சால்வர்களைப் போலவே, வாயு அதிர்ச்சி அலையைத் தாண்டிய கணத்திலேயே எல்லா ஆற்றல்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். நைட்ரஜன் அப்படியில்லை, அதன் அதிர்வு விழித்துக்கொள்ள ஆகும் நேரம் இங்கே பேசும் ஒரு மைக்ரோவிநாடியைவிட நீண்டதாக இருக்கக்கூடும். ஹைட்ரஜனும் எரிந்து வரும் நீராவியும் அதை விரைவுபடுத்தும். எவ்வளவு விரைவுபடுத்தும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. விரிவான மெக்கானிசத்தோடு செய்த ஹைட்ரஜன்–காற்று டெட்டொனேஷன் கணக்குகளில் செல் அளவு (மெஷ் செல் அல்ல, டெட்டொனேஷன் அலை தானே உண்டாக்கும் வைர வடிவக் கட்டங்களின் அளவு) சோதனையைவிடச் சிறியதாக வருவது தெரிந்த சிக்கல். அதற்கு இதையும் ஒரு காரணமாகச் சிலர் முன்வைக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் நியாயமாகப் படுகிறது, முடிந்துபோன விஷயமாகப் படவில்லை. உங்கள் அதிர்வெண் 712-இலிருந்து ஐந்து, பத்து சதவீதம் விலகி நின்றால் மெஷ்ஷை மேலும் மேலும் நுணுக்கி அதை விரட்டாதீர்கள். அந்த அளவு மாதிரியிலேயே இருக்கிறது.

மூன்றாவது, பெரிய வீச்சுத் துடிப்பு. இதுவரை பேசியது சீரான, அதிவேகச் சிறு துடிப்பு. சில நிலைகளில் இதற்குப் பதிலாக, அதிர்வெண் குறைந்த, வீச்சு மிகப் பெரிய, வில் அலையையே தூக்கித் தள்ளும் இன்னொரு வகை வரும். எரிமுகப்பு சில நேரம் சிறு டெட்டொனேஷனாகவே வெடித்து முன்னால் பாயும். எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் என்பது வெளிப்படும் வெப்பம், அழுத்தம், எறிகணையின் ஆரம் எல்லாவற்றையும் பொறுத்தது. தாவும் எல்லையை சிமுலேஷனில் துல்லியமாகப் பிடிக்க முடியும் என்று நான் நம்புவதில்லை. அந்த இடத்தில் சின்னக் கணக்கியல் இரைச்சல்கூடப் பக்கம் சாய்த்துவிடும். அச்சுச் சமச்சீர் என்ற நிபந்தனையும் அங்கே கேள்விக்குரியது.

பிசுக்குமையை (வாயுவின் பிசுபிசுப்பை) சேர்க்க வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்விக்குத் தேவையில்லை. துடிப்பு முனைக்கு முன்னாலுள்ள 1.2 மி.மீ. வாயுவில் நடக்கிறது, எல்லைப் படலம் (மேற்பரப்பை ஒட்டி மெதுவாகும் வாயு) அதில் மிக மெல்லிய பகுதி. ஆனால் அடுத்ததாக ராம் ஆக்சிலரேட்டரை எடுக்கப் போவதாக எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹெர்ட்ஸ்பெர்கின் குழு 1980-களில் உருவாக்கிய அந்தக் கருவியில், 38 மி.மீ. குழாய் முழுவதும் எரிவாயுக் கலவையை நிரப்பி, எரிபொருளே சுமக்காத எறிகணையை அதற்குள் செலுத்துவார்கள். குழாய்ச் சுவருக்கும் எறிகணைக்கும் இடையிலுள்ள சந்தில் எரிந்து அது தள்ளப்படும். அங்கே அதிர்ச்சி அலை சுவருக்கும் எறிகணைக்கும் மாறி மாறி எதிரொலித்து எல்லைப் படலத்தை இடிக்கிறது, படலம் பிரிகிறது, பிரிந்த சூடான குமிழியில் வாயு முன்கூட்டியே பற்றுகிறது. பிசுக்குமை, கொந்தளிப்பு, எறிகணையின் மேற்பரப்பு வெப்பம் எல்லாமே விடையை முடிவு செய்யும். மீத்தேன் கலவை என்றால் மெக்கானிசமும் பெரியதாகிவிடும். லேர் சோதனையில் தேறிய சால்வர் அங்கே தேறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இப்போதைக்கு மூன்று விஷயங்களைச் செய்துவிட்டு இங்கேயே போடுங்கள்: ரசாயனம் இல்லாத ஓட்டத்தில் வில் அலையின் தூரம், 5 மைக்ரான் மெஷில் குறைந்தது ஐம்பது சுற்றுகளின் சராசரி அதிர்வெண், வினை வேகத்தை 20 சதவீதம் கூட்டியபின் வரும் அதிர்வெண். எந்த மெக்கானிசம், எந்த ஃப்ளக்ஸ் ஸ்கீம் (செல்லுக்குச் செல் பாய்வதைக் கணக்கிடும் முறை), ரசாயனத்தைப் பாய்விலிருந்து பிரித்துத் தீர்க்கிறீர்களா சேர்த்துத் தீர்க்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள். 10 மைக்ரானில் வந்த 720 சரியான எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்றாவது எண்ணைப் பார்க்காமல் அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.